காசநோய் ஆய்வறையில் அழுத்தம் நிற்கவில்லை: எக்ஸாஸ்ட் வேகத்தைக் கூட்டலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் ஒரு காசநோய் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும்) ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவர். அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம். வாசலில் ஒரு சிறிய முன்னறை. உள்ளே நாலடி பயோசேஃப்டி கேபினெட் ஒன்று, அதாவது கிருமி வெளியே வராதபடி காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் வேலைப் பெட்டி. அறை எப்போதும் எதிர்மறை அழுத்தத்தில், அதாவது வெளியே இருப்பதைவிடக் குறைந்த அழுத்தத்தில், இருக்க வேண்டும். ஆனால் சுவரில் உள்ள கேஜ் (அழுத்தமானி) ஒரு நாள் மைனஸ் 15 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) காட்டுகிறது, இன்னொரு நாள் மைனஸ் 3. பராமரிப்புக்கு வருபவர் எக்ஸாஸ்ட் ஃபேனின் வேகத்தைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். கூட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கூட்டினால் முள் மைனஸ் 15க்குப் போய் நிற்கும், உண்மைதான். ஆனால் எது கெட்டதோ அது கெட்டபடியே இருக்கும். அது தெரியாமல் மறைந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

முதலில் இந்த அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வீட்டில் சமையலறைக் கதவு, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால் கதவிடுக்கில் காற்று சீறும். வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாகக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். இடுக்கு குறுகலாக இருந்தால் அதைக் கடந்து வர ஒரு தள்ளு தேவைப்படுகிறது. அந்தத் தள்ளுதான் கேஜில் தெரியும் எண். ஆகவே ஃபேன் மட்டும் அழுத்தத்தைத் தருவதில்லை. எக்ஸாஸ்டுக்கும் (வெளியே தள்ளும் காற்று) சப்ளைக்கும் (உள்ளே ஊதும் காற்று) உள்ள வித்தியாசம் ஒன்று, அறையில் உள்ள இடுக்குகள் இன்னொன்று, இரண்டும் சேர்ந்துதான் அழுத்தம்.

உங்கள் அறையையே எடுத்துக்கொள்வோம். கன அளவு 60 கன மீட்டர். காசநோய் ஆய்வகங்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2012ஆம் ஆண்டுக் கையேடு மணிக்கு 6 முதல் 12 காற்றுப் பரிமாற்றம் கேட்கிறது, அதாவது அறையின் கன அளவுக்குச் சமமான காற்று மணிக்கு அத்தனை முறை மாற வேண்டும். 12 என்று வைத்தால் எக்ஸாஸ்ட் மணிக்கு 720 கன மீட்டர். கதவு 0.9 மீட்டருக்கு 2.1 மீட்டர், சுற்றிலும் சராசரியாக 3 மில்லிமீட்டர் இடுக்கு. அதைக் கூட்டினால் ஏறத்தாழ 180 சதுர சென்டிமீட்டர் திறப்பு, ஓர் அஞ்சலட்டையைவிடப் பெரிது. மற்ற ஓட்டைகள் எல்லாம் அடைபட்டிருந்தால், இந்தத் திறப்பின் குறுக்கே 15 பாஸ்கல் நிற்க மணிக்கு 210 கன மீட்டர் காற்று உள்ளே வந்துகொண்டிருக்க வேண்டும். அப்படியானால் சப்ளை 510.

சரி, 3 பாஸ்கலுக்கு? 94 போதும். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது, காற்றோ பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆகியிருக்கிறது. காரணம், அழுத்தம் ஏறத்தாழ அந்த வித்தியாசத்தின் இருமடியாக ஏறி இறங்கும். வித்தியாசம் பாதியானால் அழுத்தம் கால்வாசி. உங்கள் முள் 15லிருந்து 3க்கு விழ, எக்ஸாஸ்டில் மணிக்கு 116 கன மீட்டர் குறைந்தால் போதும். மொத்த எக்ஸாஸ்டில் அது 16 சதவீதம். ஒரு ஃபில்டர் அடைத்தாலே நடந்துவிடும்.

இப்போது பராமரிப்புக்காரர் சொன்னபடி வேகத்தைக் கூட்டுகிறீர்கள் என்று வையுங்கள். அடைத்த ஃபில்டரோடு 720 மறுபடி கிடைக்கும், முள் 15க்கு வரும், எல்லோருக்கும் நிம்மதி. ஆறு மாதம் கழித்து யாரோ ஃபில்டரை மாற்றுகிறார்கள். அன்று எக்ஸாஸ்ட் 830ஐத் தாண்டும், அழுத்தம் 35 பாஸ்கல் பக்கம் போகும். கதவைத் திறக்க இழுபறி. சுவரில் எங்கெல்லாம் விரிசல் இருக்கிறதோ அங்கெல்லாம் வெளியே உள்ள ஈரக்காற்று புகுந்து குளிர்ந்த சுவரில் வேர்க்கும், பூஞ்சை படியும். கல்ச்சர் செய்பவருக்குப் பூஞ்சை என்றால் என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை. அப்புறம் அதே ஆள் வந்து வேகத்தைக் குறைப்பார். இப்படியே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும் அறையில் காற்று உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் சிக்கல் "ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி" என்பதால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது கேபினெட் மேல். உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு ஏ2 ரகமாக இருக்கும். அதன் முன் திறப்பு 1.2 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம், உள்ளிழுக்கும் வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அதாவது மணிக்கு 430 கன மீட்டர் அதற்குள் போகிறது, அதே அளவு ஹெபா ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி) வழியாக மேலே வெளியேறுகிறது. இதை டக்டோடு (காற்று போகும் பெருங்குழாயோடு) எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று மேலே ஏறிப் பாருங்கள். கேபினெட்டின் வாய்க்கு மேல் குடை மாதிரி ஒரு கூம்பு, நடுவில் விரலளவு இடைவெளி விட்டு வைத்திருந்தால் அது திம்பிள் இணைப்பு. கேபினெட்டை அணைத்தாலும் எக்ஸாஸ்ட் அந்த இடைவெளி வழியாக அறைக்காற்றை இழுத்துக்கொண்டேயிருக்கும், கணக்கு பெரிதாக மாறாது. இடைவெளியே இல்லாமல் டக்டை நேராகப் பொருத்தி மூடியிருந்தால், கேபினெட் அணைந்த நாளில் அந்தக் காற்றில் பெரும்பங்கு நின்றுவிடும், அழுத்தம் விழும். அது மட்டுமில்லை, ஏ2 கேபினெட்டை அப்படி இறுக்கமாக இணைப்பதே தவறு. டக்டில் ஏற்படும் ஏற்ற இறக்கம் நேராகக் கேபினெட்டின் முன்திரைக் காற்றைக் குலைக்கும். ஒரு வாரத்துக்கு, முள் எவ்வளவு காட்டியது, கேபினெட் ஓடியதா என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இரண்டாவது சந்தேகம் சப்ளை பக்கம். இதைப் பலர் யோசிப்பதில்லை. ஏ.எச்.யூ.வின் (சப்ளைக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் இயந்திரம்) முன் ஃபில்டரில் தூசி சேரச் சேர சப்ளை குறையும், அறை இன்னும் எதிர்மறையாகும். முள் 15, 18 என்று ஏறி "நன்றாக" இருப்பது போலத் தெரியும். ஒரு சனிக்கிழமை ஃபில்டரைக் கழுவிப் போடுகிறார்கள், திங்கட்கிழமை காலையில் முள் 3. எதுவும் கெடவில்லை, சப்ளை தன் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். பராமரிப்பு நோட்டில் ஃபில்டர் கழுவிய தேதிகளைப் பாருங்கள்.

மூன்றாவது, எக்ஸாஸ்டில் உள்ள ஹெபா. புதிதாக இருக்கும்போது அதன் குறுக்கே 250 பாஸ்கல் அளவில் இருக்கும், வழக்கமாக இரட்டிப்பாகும்போது மாற்றுவார்கள். அந்த ஃபில்டருக்கென்று தனி கேஜ் இருக்கிறதா? இல்லையென்றால் வையுங்கள். அது நாளுக்கு நாள் மாறாது, மாதக்கணக்கில் மெல்ல ஏறும். ஆகவே உங்கள் ஏற்ற இறக்கத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்காது. ஆனால் கீழே இழுப்பதில் அதற்கும் பங்கு இருக்கும்.

நான்காவது, கேஜே பொய் சொல்வது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ணால் பார்த்தது.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வகத்துக்கு வருடாந்திரச் சோதனைக்குப் போயிருந்தேன். மேக்னஹெலிக் கேஜில் முள் மைனஸ் 15இல் அசையாமல் நின்றது. பதிவேட்டில் மாதக்கணக்கில் 15, 15, 15. வழக்கப்படி கதவின் அடியிடுக்கில், காற்றின் திசை தெரிய மெல்லிய புகை விடும் புகைக்குழாயைப் பிடித்தேன். புகை உள்ளே போக வேண்டும். அது என் காலைப் பார்த்து வெளியே வந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி வெளியே வந்தது. கூட இருந்த டெக்னீஷியன் அம்மா ஒன்றும் பேசவில்லை, பதிவேட்டை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கதவுக்கு உள்ளே வேலை செய்பவர் அவர்.

ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கிப் பார்த்தோம். கேஜிலிருந்து இரண்டு மெல்லிய டியூப் மேலே போகும், ஒன்று அறைக்கு, இன்னொன்று வராந்தாவுக்கு. வராந்தாவுக்குப் போக வேண்டிய டியூப் நாலு மீட்டர் தள்ளிப் பக்கத்து டக்ட் ஷாஃப்டுக்குள் வாய் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஷாஃப்டில் ஒரு சப்ளை டக்டின் இணைப்பு விட்டுப்போய்க் காற்று கொட்டிக்கொண்டிருந்தது. அளந்தால் ஷாஃப்ட் வராந்தாவைவிட 20 பாஸ்கல் அதிகம், அறை வராந்தாவைவிட 5 பாஸ்கல் அதிகம். கேஜ் இரண்டையும் கழித்து மைனஸ் 15 என்று காட்டியது. கருவியில் ஒரு பிழையும் இல்லை. அது எதோடு எதை ஒப்பிடுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் எந்த அறைக்குப் போனாலும் நான் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை, புகையைப் பார்க்கிறேன். புகைக்குழாய் இல்லையென்றால் ஊதுபத்தி போதும். ஆனால் அதன் புகை சூட்டில் தானாக மேலே ஏறும், அதனால் இடுக்குக்கு மிக அருகில், ஓர் அங்குலத்துக்குள் பிடிக்க வேண்டும். உள்ளே ஸ்பிரிட், எரியும் கரைப்பான்கள் இருந்தால் நெருப்பு வேண்டாம், மெல்லிய டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்துத் தொங்கவிட்டால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். கதவின் அடி, மேல், பூட்டுப் பக்கம், கீல் பக்கம் என்று நாலு இடத்தில் பாருங்கள். பிறகு கேஜின் இரண்டு டியூபையும் கழற்றி முள் சுழிக்கு வருகிறதா என்று பாருங்கள். ஒப்பீட்டு டியூப் கட்டிடத்துக்கு வெளியே திறந்திருந்தால் காற்றடிக்கும் நாளெல்லாம் முள் ஆடும். அதையும் உங்கள் "ஒரு நாள் இப்படி" பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது முன்னறையிலோ வராந்தாவிலோதான் திறக்க வேண்டும்.

அப்புறம் ஓட்டைகள். சுவரையும் கூரையையும் துளைத்துப் போகும் எல்லாக் குழாய், வயர், ஏசி பைப் ஆகியவற்றைச் சுற்றிச் சிலிகான் வைத்து அடையுங்கள். ஃபால்ஸ் சீலிங்கில் விளக்குகளைச் சுற்றி உள்ள இடைவெளியை மறக்க வேண்டாம், பெரும்பாலும் அதுதான் பெரிய ஓட்டை. இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் பெரியம்மை ஆய்வகம் இருந்த கட்டிடத்தில், அதற்கு மேல் மாடியில் வேலை செய்த ஒரு மருத்துவப் புகைப்படக் கலைஞருக்குப் பெரியம்மை வந்தது. அந்த செப்டம்பரில் அவர் இறந்தார். உலகில் பெரியம்மையால் இறந்த கடைசி மனிதர் அவர். அரசு அமைத்த ஷூட்டர் விசாரணைக் குழு, குழாய்கள் போகும் டக்ட் வழியாக வைரஸ் காற்றில் மேலே ஏறியிருக்கலாம் என்று கருதியது. பல்கலைக்கழகத்தின் மீதான வழக்கு 1979இல் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, அந்த வழிதானா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அந்தக் கட்டிடத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று யாராவது முன்பே புகையைக் காட்டிச் சோதித்திருந்தால், அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

அதே சமயம் ஒன்று. அறையை மெழுகி அடைப்பது போல அடைத்துவிடாதீர்கள். இடுக்கு குறையக் குறைய, சின்னக் காற்று மாற்றமும் பெரிய அழுத்த மாற்றமாகும், முள் பேயாட்டம் ஆடும். எனக்குப் பிடித்த முறை, தெரியாத ஓட்டைகளையெல்லாம் அடைத்துவிட்டு, தெரிந்த ஒரே வழியாகக் கதவின் அடியிடுக்கை மட்டும் விட்டுவைப்பது. காற்று எங்கே நுழைகிறது என்று நமக்குத் தெரியும், அது சுத்தமான பக்கத்திலிருந்து வருகிறது, ஆளைத் தாண்டி உள்ளே போகிறது.

ஓட்டை அடைத்த பின்புதான் காற்றளவு எடுக்க வேண்டும். ஒவ்வொரு சப்ளை டிஃப்யூசரிலும் (காற்று இறங்கும் வாய்) எக்ஸாஸ்ட் கிரில்லிலும் காற்றை அளக்கும் ஹூட் வைத்து அளக்கச் சொல்லுங்கள், எண்ணை எழுதி வாங்குங்கள். எக்ஸாஸ்ட் 720 வருகிறதா என்று முதலில் பார்த்து, வந்தால் அதைத் தொடாமல் சப்ளை டக்டில் உள்ள டேம்பர் என்ற மடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தி அழுத்தத்தைக் கொண்டுவர வேண்டும். பராமரிப்புக்காரர் எக்ஸாஸ்டைக் கூட்டச் சொன்னார் அல்லவா, பல அறைகளில் சரியான பதில் சப்ளையைக் குறைப்பதுதான். வெளிக்காற்றைக் குளிர்விக்க ஆகும் மின்சாரமும் மிச்சம். நூறு சதம் வெளிக்காற்றில் ஓடும் உங்கள் அளவு அறைக்குச் சென்னை வெயிலில் அந்தக் காற்றுக்கு மட்டுமே கிட்டத்தட்ட 2 டன் ஏசி வேண்டியிருக்கும். ஃபேன் வேகத்தைக் கூட்டினாலோ, மின்சாரம் வேகத்தின் மும்மடியாக ஏறும்.

எவ்வளவு பாஸ்கல் வேண்டும் என்பதில் நிறையப் பேர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். உயர் பாதுகாப்பு ஆய்வகங்களில் ஒரு கதவுக்கு 12.5 பாஸ்கல் என்று வடிவமைப்பது வழக்கம், அது 0.05 அங்குலத் தண்ணீர் என்ற பழைய அமெரிக்கக் கணக்கு. மருத்துவமனைகளில் காற்றில் பரவும் நோய்க்கான தனி அறைகளுக்கு 2.5 பாஸ்கலே போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஆக, கேஜ் சரியாக இருந்தால், உங்கள் 3 பாஸ்கல் நாளிலும் காற்று உள்நோக்கித்தான் போயிருக்கும், அந்த ஒரு நாளை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் 3 என்பது விளிம்பு. பக்கத்து அறைக் கதவை வேகமாகச் சாத்தினாலே புரண்டுவிடும். வராந்தாவுக்குச் சுழி, முன்னறைக்கு மைனஸ் 12 அல்லது 15, ஆய்வறைக்கு அதைவிட இன்னொரு 12 அல்லது 15 குறைவு என்று படிப்படியாக வையுங்கள்.

முன்னறையை நீங்கள் செருப்பு வைக்கும் இடமாக மட்டும் பயன்படுத்துவதாகத் தோன்றுகிறது, இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இது கேஜைவிட முக்கியம். கதவைத் திறந்த நொடியில் அழுத்தம் சுழியாகிவிடும், அதை எந்த ஃபேனாலும் தடுக்க முடியாது. திறந்த கதவில் விநாடிக்கு அரை மீட்டர் உள்நோக்கிய காற்று வேண்டுமென்றால் மணிக்கு 3,400 கன மீட்டர் தேவை. உங்களிடம் இருப்பது 210. அது திறந்த வாசலில் விநாடிக்கு 3 சென்டிமீட்டர். கையில் கூட உணர முடியாது. மேலும் குளிர்ந்த அறைக்காற்று கனமானது, திறந்த கதவின் கீழ்ப்பாதி வழியாக வெளியே வழியும், மேல்பாதி வழியாக வெப்பக்காற்று உள்ளே வரும். வெளியே நடந்து வருபவரின் பின்னாலும் கொஞ்சம் காற்று இழுபட்டு வரும். இவற்றையெல்லாம் வாங்கி நிறுத்துவதற்குத்தான் முன்னறை. ஒரு கதவு மூடி, சில விநாடி நின்று, மறு கதவைத் திறக்க வேண்டும். இரண்டு கதவுக்கும் இன்டர்லாக் போடுங்கள், ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. தீ, அவசரத்துக்கு அது கையால் விடுபட வேண்டும் என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

உள்ளே ஸ்ப்ளிட் ஏசி இருந்தால் அதன் காற்று கேபினெட்டின் முன்வாயில் அடிக்கக்கூடாது. கேபினெட்டின் முன்திரைக் காற்று விநாடிக்கு அரை மீட்டர்தான், ஸ்ப்ளிட் ஏசியின் வீச்சு எளிதாக அதைத் தாண்டும். அறை மைனஸ் 15இல் இருந்து, கேபினெட்டின் முகத்தில் ஏசி அடித்தால், ஊழியரின் மூக்குக்கு முன்னால்தான் எல்லாம் நடக்கும். வராந்தா பத்திரமாக இருக்கும், ஆள் பத்திரமாக இருக்கமாட்டார். சப்ளை கதவுப் பக்கம், எக்ஸாஸ்ட் கேபினெட்டுக்குப் பின்னால் தள்ளி, இதுதான் முறை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் புதுக்காற்று அறையைச் சுற்றாமல் அப்படியே வெளியேறிவிடும், 12 பரிமாற்றம் காகிதத்தில் மட்டும் இருக்கும்.

காற்றுப் பரிமாற்ற எண்ணின் பயன் என்னவென்றால், கேபினெட்டுக்கு வெளியே ஏதாவது சிந்தினால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அது சொல்லும். நன்றாகக் கலக்கும் அறையில் 12 பரிமாற்றத்தில் காற்றில் உள்ளதில் 99 சதவீதம் நீங்க 23 நிமிடம். 6 என்றால் 46 நிமிடம். நிஜ அறைகள் அவ்வளவு நன்றாகக் கலப்பதில்லை, அதனால் நான் ஒரு மணி நேரம் என்று கதவில் எழுதி ஒட்டச் சொல்வேன்.

அலாரத்துக்கு அரை நிமிடத் தாமதம் வையுங்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அலறும் அலாரத்தின் வாயில் யாராவது பிளாஸ்திரி ஒட்டிவிடுவார்கள். நான் பார்த்திருக்கிறேன், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

கடைசியாக, இதை அவசியம் இந்த வாரமே செய்யுங்கள். வேலை நேரம் முடிந்து, கல்ச்சர் எல்லாம் மூடி வைத்த பிறகு, மெயின் ஸ்விட்சை அணைத்து ஜெனரேட்டர் எடுக்கும்வரை கதவடியில் புகையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மின்சாரம் திரும்பும்போது எக்ஸாஸ்ட் முதலில் ஓடி, காற்று வருவது உறுதியான பின்தான் சப்ளை தொடங்க வேண்டும். நிற்கும்போது சப்ளை முதலில் நிற்க வேண்டும். எக்ஸாஸ்ட் பெல்ட் அறுந்தால் சப்ளையும் தானாக நிற்க வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் இரண்டும் தனித்தனி ஸ்டார்ட்டரில் இருக்கும், எது முந்துகிறதோ அது ஓடும். சப்ளை முந்தினால் அந்தச் சில விநாடி அறை நேர்மறையாகி, உள்ளே உள்ளதெல்லாம் வராந்தாவுக்கு வரும். ஒரு நாளைக்கு நாலு தடவை மின்சாரம் போகும் ஊரில் அது நாலு தடவை. புகை ஒரு விநாடி உங்களை நோக்கித் திரும்பினாலும், எலக்ட்ரீஷியனை அழைத்து ஃபேன்களுக்கு இன்டர்லாக் போடும் வேலையை முதலில் முடியுங்கள். கேஜைப் பற்றி அதன் பிறகு பேசலாம். அளந்த எண்களை அனுப்பினால் டேம்பரை எந்த அளவுக்குச் சாத்துவது என்று சேர்ந்து கணக்குப் போடுவோம்.